அடிச்சாக

வெங்கட்ரமணன்: ...கூப்பிடக் கூப்பிடக் காதுல விழாத மாதிரி நடந்தா என்னடா அர்த்தம்? பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓடி வரேன். மூச்சு வாங்கறது.

பேச்சிமுத்து: கேட்டுச்சு. நின்னா பேசணும்ல... அதான் நிக்கல.

வெங்கட்ரமணன்: இந்தா. கிராமர் புஸ்தகத்தை பெஞ்சுலயே விட்டுட்டு வந்துட்டே.

பேச்சிமுத்து: விட்டுட்டு வரல. வச்சுட்டு வந்தேன். நீங்களே வச்சுக்கங்க.

வெங்கட்ரமணன்: நீங்களா? டேய் பேச்சி... தலையால தண்ணி குடிச்சு உன் வாயால என்னை 'நீ'ன்னு கூப்பிட வச்சேன். நாலு வருஷம் ஆச்சு அதுக்கு. ஒரே நாள்ல மறுபடியும் 'நீங்க'வா?

பேச்சிமுத்து: ஊருக்குப் போறேன்ல. வாயப் பழக்கிக்கிட வேணாமா?

வெங்கட்ரமணன்: ஒரு வாரம் இருந்துட்டு வந்துடேன். பட்டாபிராமன் சார் கிட்ட நான் சொல்லிக்கறேன்.

பேச்சிமுத்து: திரும்பி வாரவன் தகரப் பெட்டியத் தூக்கிக்கிட்டா போவான்? நாளையிலருந்து பண்ணையார் தொழுவத்துல வேல. முப்பத்திரெண்டு உருப்படி மாடு. ஆத்தா போயி அவுக வாசல்ல நின்னு, 'எம் மவன அனுப்புறேன் சாமி'ன்னு சொல்லிட்டு வந்துருச்சு.

வெங்கட்ரமணன்: அதுக்கு மாட்டேன்னு சொல்லித்தானேடா உங்கப்பா அடி வாங்கினார்!

பேச்சிமுத்து: ஆமா. 'சோண, உம் மவன் படிச்சு கலெக்டராகப் போறானா, மாட்டுக்கு அனுப்புலே'ன்னாக. 'அவன் படிக்கட்டும் சாமி'ன்னாரு அய்யா. அம்புட்டுதான் சொன்னாரு. அய்யா கையிலருந்த மாட்டுத் தார்க்குச்சியப் பிடுங்கி, எங்க தெரு நடுவுல, ஆத்தா பாக்க...

வெங்கட்ரமணன்: அடி வாங்கினவர் ஜெயில்ல. அடிச்சவர் ஊஞ்சல்ல. இது என்னடா நியாயம்?

பேச்சிமுத்து: நியாயம் இல்ல... கிராமர். என்ன, சிரிப்பு வரலியா? கிளாஸ்ல அம்புட்டுப் பேரும் சிரிச்சானுகளே. 'ஏய் தே, எங்க போற? ஏய் தே, சோறு தின்னியா?' நல்ல பேரு வச்சானுக எனக்கு.

வெங்கட்ரமணன்: நான் கூப்பிடலையே.

பேச்சிமுத்து: நீ கூப்பிடல.

வெங்கட்ரமணன்: கோர்ட்டுல நெஜமாவே 'தே'ங்கற அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையாலதானா?

பேச்சிமுத்து: நான் தூணோரமா நின்னேன். பண்ணையாரோட வக்கீலு, அய்யாவுக்காக நான் எழுதுன மனுவத் தூக்கிப் பிடிச்சு வாசிச்சாரு. 'தே கேம். தே பீட் மை ஃபாதர். ஹி ஃபெல் டௌன்.' ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. பட்டாபிராமன் சார் டிக்டேசன் சொல்ற மாதிரி நிறுத்தி நிறுத்தி...

வெங்கட்ரமணன்: அப்புறம்?

பேச்சிமுத்து: அய்யாகிட்ட, 'உன்னை அடிச்சது எத்தன பேரு?'ன்னாரு. 'ஒரே ஆளுதான் சாமி.' 'மனுவுல கூட்டமா வந்து அடிச்சதா இருக்கு. வாயில ஒருத்தர்ங்கற. எதுடா பொய்?'

வெங்கட்ரமணன்: உங்கப்பா என்ன சொன்னார்?

பேச்சிமுத்து: அவரு 'தே'யக் கண்டாரா, 'ஹி'யக் கண்டாரா? திரும்பி என்னயப் பாத்தாரு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவருக்கு வெளங்கிருச்சு. மாஜிஸ்ட்ரேட்டப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டு, 'சின்னப் பய சாமி, தெரியாம எழுதிட்டான், அவன ஒண்ணும் செஞ்சுறாதீக'ன்னாரு. பொய்ப் புகாருன்னு ரெண்டு மாசம் போட்டுட்டாக.

வெங்கட்ரமணன்: தமிழ்லயே எழுதியிருக்கலாம்டா.

பேச்சிமுத்து: தமிழ்ல ரெண்டு மனு போட்டாச்சு. பதிலே இல்ல. 'இங்கிலீசுல எழுதுனா வெள்ளக்காரத் தொரை கைக்கே போகும், நம்ம தெருவுல ஒருத்தன் படிச்சு என்னத்துக்கு'ன்னு எல்லாருமாச் சேந்து என் கையில தாளக் குடுத்தாக.

வெங்கட்ரமணன்: புரியறது. 'பண்ணையார் வந்தாக, அடிச்சாக'ன்னுதானே உங்க ஊர்ல சொல்றது? அதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டுட்டே. அங்க மரியாதைக்குப் பன்மை கிடையாதுன்னு மறந்துட்டே.

பேச்சிமுத்து: ...ஆமா. மறந்துருச்சு.

வெங்கட்ரமணன்: அதான் எனக்கு ஆச்சரியம். ஃபர்ஸ்ட் ஃபாரம் கிளாஸ்ல சார் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? 'ராஜாவும் ஹி, பிச்சைக்காரனும் ஹி.' அன்னிக்கு நீ ஒருத்தன்தான் எழுந்து நின்னு, 'நெசமாவா சார்?'ன்னே.

பேச்சிமுத்து: நெசமாவான்னு மறுபடியும் கேட்டேன். பெஞ்சு மேல ஏத்தி விட்டாரு.

வெங்கட்ரமணன்: அங்க நின்னும் சிரிச்சுண்டே இருந்தே. பைத்தியம்னு நெனைச்சேன்.

பேச்சிமுத்து: சிரிப்பு வராதா பின்ன? பண்ணையாருக்கும் எங்க அய்யாவுக்கும் ஒரே எழுத்து. இப்படி ஒரு பாஷை ஒலகத்துல இருக்குன்னா, அதப் படிச்சுத்தான் தீரணும்னு நெனச்சேன். நோட்டுல ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பாத்தேன். பண்ணையார் ஈட்ஸ், ஹி ஈட்ஸ். சோணைமுத்து ஈட்ஸ், ஹி ஈட்ஸ்...

வெங்கட்ரமணன்: அவ்வளவு தெரிஞ்சவன் எப்படிடா...

பேச்சிமுத்து: விடு. அந்தா, புழுதி தெரியுது. பஸ்ஸாத்தான் இருக்கும்.

வெங்கட்ரமணன்: இரு. போயிடாதே. புஸ்தகம் சும்மா ஒரு சாக்கு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

பேச்சிமுத்து: சொல்லு.

வெங்கட்ரமணன்: தபால்ல போடறதுக்கு முன்னாடி மனுவை என்கிட்ட காட்டினியே. 'தப்பு இருக்கா பாரு'ன்னு...

பேச்சிமுத்து: 'ஒண்ணும் இல்ல, பிரமாதம்'ன்ன.

வெங்கட்ரமணன்: பார்த்தேண்டா. அந்த 'தே'யைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் பிரமாதம்னேன். அந்த வாரம்தான் சார் உன் காம்போசிஷனை கிளாஸ்ல வாசிச்சார். அப்பா காதுக்குப் போயிடுத்து. 'மாட்டுக்காரப் பையன் எழுதறான், உனக்கு என்னடா கேடு'ன்னு இலைக்கு முன்னாடி உக்கார வச்சுண்டு... அந்த எரிச்சல். ஒரு தப்பாவது இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். ஆபீஸ்ல எவனாவது படிச்சுட்டு சிரிப்பான், அவ்வளவுதானேன்னு நெனைச்சேன். ஜெயில்னு நெனைக்கலைடா. சத்தியமா நெனைக்கலை. ஏதாவது பேசேன். திட்டு. ஒரு அறை வேணா விடு.

பேச்சிமுத்து: பஸ்ஸு வந்துருச்சு. பெட்டிய ஒரு கை பிடி.

வெங்கட்ரமணன்: என்னாலதாண்டா உங்கப்பா...

பேச்சிமுத்து: ஒன்னால இல்ல. மனுவக் கையில வாங்குனியே, அந்த 'தே' இருந்த எடத்துல தாளு சொரசொரன்னு இருந்துச்சே, தொட்டுப் பாக்கலியா நீ? பிளேடால சொரண்டுன எடம் அது. மொதல்ல 'ஹி'ன்னுதான் எழுதுனேன். எழுதிட்டு வாசிச்சுப் பாத்தேன்... அவுக முன்னால நின்னு 'அவன் வந்தான், அவன் அடிச்சான்'னு சொல்ற மாதிரியே இருந்துச்சு. என்னால முடியல வெங்கு. சொரண்டிட்டு 'தே'ன்னு போட்டேன். அடிச்சவுகளுக்குப் போட்ட 'ஹி'யெல்லாம் மாத்திட்டேன். அய்யாவுக்கு எழுதுன 'ஹி'ய மட்டும்... அப்படியே விட்டுட்டேன்.