சாவித் துவாரத்தில் மாவு

பர்மாவில், தன்லியினிலிருந்து யங்கோன் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் யங்கோனில் ஒரு யூதர் வீட்டில் குழந்தை பார்க்கிறவள்.

"சாவித் துவாரத்துல எல்லாம் மாவுக்கா."

"யாரு வச்சது?"

"பாப்பாதான். விரலுக்குப் பலம் வரட்டும்னு மைதாவைப் பிசைஞ்சு கொடுத்தேன். கிள்ளிக் கிள்ளி வீடு பூரா திணிச்சிருச்சு."

"கெட்டிக்காரப் பிள்ளைதானே. அதுக்கென்ன?"

"நாளன்னிக்கு அவங்க பண்டிகை. பிசைஞ்ச மாவு ஒரு துளிகூட வீட்டுல இருக்கக் கூடாதாம். மூலைமுடுக்கெல்லாம் துடைச்சு வச்சிருந்தாங்க."

"அப்ப வேலை போச்சா?"

"இல்லக்கா, சீக்கிரமா வரச் சொல்லியிருக்காங்க. எங்கெங்க திணிச்சதுன்னு பாத்தவ நான் ஒருத்திதானே."

பெரியவள் அவள் பக்கம் சாய்ந்தாள்.

"எல்லாத்தையும் ஒரே மூச்சுல காட்டிடாதடி."