எந்தக் கை, அத்தான்?

வித்தை காட்டுவதற்குக் குழந்தைகள்தான் கஷ்டமான கூட்டம். பெரியவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே அவர்களும் பார்ப்பார்கள். குழந்தைகள் கையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். கம்பெனி விருந்துகளில் குடித்திருப்பவர்களுக்குச் சீட்டுக்கட்டு போதும். பக்கத்தில் இருப்பவன் ஏமாந்தால் அவர்களுக்குத் திருப்தி.

என் அக்கா மகளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் போகும் பார்வையற்றோர் சங்கத்திலும் ஒருமுறை காட்டினேன். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு காசை வைத்து மூடச் சொல்லி, திறக்கும்போது இரண்டாக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும், "ரெண்டாவது காசு உங்க மோதிரத்துல இடிச்சுது மாமா" என்றாள். அன்றே மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். அவள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அவள் அப்பா வேறு ரகம். என்னிடம் வண்டி இல்லை, அதனால் அக்கா அவரைத் துணைக்கு அனுப்புவாள். அத்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி என் கையையே பார்ப்பார். சரியான நேரத்தில், "இடது கை மாப்ளே" என்பார். நான் இடக்கைக்காரன். "வேற எங்க ஒளிப்ப?" என்று வண்டியில் வரும்போதும் சிரிப்பார். ஒரு கம்பெனி விருந்தில் அப்படிச் சொன்னபோது மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு அங்கே வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கோபமில்லை. மழைக்காலம் முழுக்க வலது கையைப் பழக்கினேன், அவ்வளவுதான்.

அத்தானுக்கு நெஞ்சுவலி உண்டு. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைகளைச் சின்னக் குப்பியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அன்று மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, வலது கையால் அதை எடுத்தேன். அவருக்குத் தெரியவில்லை. எந்தக் கை என்று கேட்பேன், இடது என்பார், காலிக் கையைக் காட்டுவேன், பிறகு அவர் காதுக்குப் பின்னாலிருந்து குப்பியை எடுத்துத் தருவேன். விளையாட்டுதான், ஐயா.

ஆனால் பொருள் தேவைப்படாதவனிடம் வித்தை எடுபடாது. கீழே அவர் வண்டியில் இருக்கும் என் பெட்டியை எடுத்து வரச் சொன்னேன். கனமான பெட்டி. லிஃப்ட் பழுது என்று எனக்குத் தெரியும். "இதுக்கெல்லாம் கேக்கணுமா மாப்ளே" என்று அவரே கிளம்பினார்.

மேலே வந்து பெட்டியை வைத்தவர் நிமிரவில்லை. சட்டைப் பையைத் தடவினார். மறுபடி தடவினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. அக்கா ஆம்புலன்சுக்குப் பேச, சிக்னல் தேடிப் பால்கனிக்கு ஓடினாள். மகள் அவர் தோளைப் பிடித்தபடி நின்றாள். நான் அவர் முன்னால் மண்டியிட்டு இரண்டு கைகளையும் மூடி நீட்டினேன்.

"எந்தக் கை, அத்தான்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருடங்களில் அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மெல்ல விரலைத் தூக்கி இடது கையைத் தொட்டார்.

திறந்து காட்டினேன். ஒன்றுமில்லை.

தப்பாகச் சொன்னவரிடம் உடனே மற்ற கையைத் திறக்கக் கூடாது. காலிக் கையை நன்றாகப் பார்க்க அவகாசம் தர வேண்டும். எங்கள் தொழிலில் எல்லாமே அந்த அவகாசம்தான். தந்தேன்.

"வலது கை மாமா" என்றாள் அக்கா மகள். அவள் குரல் உயரவில்லை. "மாத்திரை குலுங்குது. கொடுத்துடுங்க."

குலுங்கியிருக்காது. என் கை நடுங்குவதில்லை. ஆனாலும் அவள் சொன்னது சரிதான், அதை நான் மறுக்கவில்லை. கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அத்தானே திருத்திச் சொல்லட்டும் என்று கையை மூடியபடி காத்திருந்தேன்.

கடைசி வரை அவர் சொல்லவில்லை.