இகராஷி வீட்டில் கேட்ட சொல்

ஐந்து மணி அறிவிப்புக்கு எங்கள் ஊரில் யாரும் தலைகூட நிமிர்த்த மாட்டார்கள். ஒரு மெட்டு ஒலிக்கும், 'பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம்' என்று ஒரு குரல் சொல்லும். பதினெட்டு வருடமாக அந்தக் குரல் என்னுடையது. நகராட்சியின் ஒலிபெருக்கிக் கம்பங்களும் என் பொறுப்பு.

ஆற்றங்கரைக் கம்பத்துக்கு எதிர்வீட்டு இகராஷிக்கு அது பிடிக்காது. மீன் கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஏம்ப்பா குஸுமி, வீட்டுல பொண்டாட்டி உன் பேச்சைக் கேக்கறதில்ல. அதுக்காக ஊர் காதைக் கிழிக்கணுமா?"

கடைக்காரர் சிரித்தார். என் மனைவி ஹருயோவும் சிரித்தாள். என் வீட்டு விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். சில மாலைகளில் அவள் பிந்தி வருவதை அதன் பிறகுதான் கவனித்தேன். அவள் வருவது ஆற்றங்கரைப் பக்கமிருந்து.

புகாரை மதிப்பது என் வேலை. அந்தக் கம்பத்து ஒலிபெருக்கியின் குட்டையான கூம்பைக் கழற்றி, நீளமானதை மாட்டி, பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்பினேன். கூம்பின் வாய்க்கு நேரே இருப்பவருக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும். இகராஷியின் வீடு இருக்கும் பக்கவாட்டில் கனத்த ஒலி மட்டும் பரவும், கூரான ஒலிகள் போய்ச் சேராது. மெய்யெழுத்துகள் உதிர்ந்து உயிரெழுத்துகள் மட்டும் மிஞ்சும்.

எங்கள் மொழியில் 'ஹினன்' என்றால் தப்பி வெளியேறுவது. ஐந்து மணி அறிவிப்பில் தினமும் வரும் 'ஜிகன்' என்றால் நேரம். சக ஊழியர் நோசேயை இரண்டையும் வாசிக்கச் சொல்லிவிட்டு இகராஷியின் முற்றத்தில் நின்று கேட்டேன். வித்தியாசமே தெரியவில்லை.

இகராஷி தேநீர் கொடுத்தார். "இப்பதான்பா காதுக்கு இதமா இருக்கு. மனசுல ஒண்ணும் வெச்சுக்கலையே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றேன். அறிக்கையில் 'புகார்தாரருக்குத் திருப்தி' என்று எழுதினேன்.

செப்டம்பர் மழையில் அணையைத் திறந்தார்கள். மக்களை வெளியேறச் சொல்லும்படி உத்தரவு நாலே முக்காலுக்கு வந்தது. நான் ஐந்து வரை பொறுத்தேன். ஊர் காது கொடுத்துப் பழகிய நேரம் அதுதான். வழக்கமான மெட்டை ஒலிக்கவிட்டு, 'ஹினன்' என்று மூன்று முறை நிதானமாக வாசித்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் அத்தனை பேரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். கூம்பில் குறை சொல்ல எதுவும் இல்லை.

வெள்ளம் கொண்டுபோன இகராஷியின் வீட்டில் இரண்டு பேர் இருந்தது எனக்குத் தெரியாது என்று நேற்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. அந்தக் கால்மணி நேரத்தில் என் வீட்டுக்கு நாலு முறை போன் செய்தேன். ஹருயோ எடுத்திருந்தால் உத்தரவை உடனே வாசித்திருப்பேன். எடுக்காதது அவள் தவறுதானே.