வளைந்த பைப்

கல்முனையிலிருந்து நிந்தவூர் போகும் பஸ். நான் காது கொடுக்கவில்லை. முன் சீட்டு இருவரும்தான் சத்தமாகக் கதைத்தார்கள்.

“சந்தூக்குட கைபிடிப் பைப்பத்தான் கழட்டினன், மச்சான்.”

“பள்ளிவாசல்ல மையத்த அடக்கத் தூக்கிட்டுப் போற சந்தூக்கா? அஸ்தக்ஃபிருல்லாஹ்! என்னத்துக்கு?”

“வேன்ட சில்லு நட்டு இறுகிப் போச்சு. ஒயில் ஊத்தினன், சுத்தியலால தட்டினன், ஸ்பெனர்ல ஏறியும் நிண்டன். அசையல்ல. அந்தப் பைப்ப ஸ்பெனர்ல மாட்டி அமத்தினன், கழண்டு வந்திட்டு.”

“பைப்பு?”

“கொஞ்சம் வளைஞ்சிட்டு. அப்பிடியே கொண்டு மாட்டிட்டன்.”

காரைதீவு தாண்டும்போது மற்றவர் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

“அப்ப போன மாசம் எங்கட வாப்பாட மையத்தத் தூக்கக்குள்ள சந்தூக்கு ஒரு பக்கம் சரிஞ்சது அதாலயா? நீதானடா அந்தப் பக்கத்தப் பிடிச்சுக்கிட்டு, ‘ஒங்கட வாப்பா நல்ல கனம்’ எண்டு சொன்ன!”