லாடமேட்டில் கொட்டிய தண்ணீர்

மாட்டுக்கு உப்புக்கட்டி வாங்கத்தான் அன்று ஊருக்குக் கிளம்பினேன். அறுபது மைல். போகிறவர் அடுத்த பண்ணையில் ஏதாவது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு போவது எங்கள் பள்ளத்தாக்கில் வழக்கம். அங்கே பண்ணை இரண்டுதான். ஒன்று என்னுடையது, மற்றது ஷாபியேருடையது.

"வெர்ல், நல்ல நேரத்துல வந்தே" என்று ஓர் உறையை நீட்டினான். வறட்சி உதவிக்கான விண்ணப்பம். நெவாடாவில் எங்கள் பக்கம் மழை பொய்த்து மூன்றாவது வருஷம் அது. அவன் கிணறு வற்றிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் அரசாங்கம் பெரும்பகுதிச் செலவை ஏற்று ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்கும்.

"நானே போயிருப்பேன். ரெண்டு மாடு படுத்துடுச்சு, விட்டுட்டு நகர முடியல. கமிட்டில நீதானே இருக்கே. உன் கையால குடுத்தா மைத்தேயோட சமையக்கட்டுலயே ஊத்து கிளம்பிடும்" என்று சிரித்தான். மைத்தே அவன் மனைவி.

கமிட்டியில் இருப்பது உண்மைதான். விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு சொல்லும் விவசாயிகள் குழுவில் ஏழு வருஷமாக இருக்கிறேன். எனக்கு ஓட்டுப் போட்டவர்களில் அவனும் ஒருவன்.

உப்பு வாங்கினேன். சாப்பிட்டேன். அலுவலகத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். விண்ணப்பம் வாங்கும் பெண் கோரா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையசைத்தாள். நானும் கையசைத்தேன். பிறகு வண்டியைக் கிளப்பி வீட்டுக்கு வந்து, உறையை அடுப்பில் போட்டேன்.

பகை எதுவும் இல்லை. நிலத்துக்கு அடியில் இருப்பது ஒரே தண்ணீர். அவன் ஆழமாகத் தோண்டினால் என் கிணறு இறங்கிவிடும். இரண்டு பண்ணைக்கு அது காணாது. ஒருவர் விற்றுவிட்டுப் போகத்தான் வேண்டும். அவன் பிள்ளைகள் ரீனோ நகரத்தில் வசதியாக இருக்கிறார்கள். அவனுக்குப் போக இடம் இருந்தது. எனக்கு இல்லை.

"குடுத்துட்டியா?" என்று கேட்டான். "குடுத்தாச்சு" என்றேன். அதற்கப்புறம் பார்க்கும்போதெல்லாம் கேட்டான். "கவர்மென்ட் வேலையாச்சேப்பா, ஆமை வேகத்துலதான் வரும்" என்பேன். சிரிப்பான். நம்பிவிடுவான்.

அவன் விற்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பழைய டேங்கர் லாரியை ஓட்டிக்கொண்டு, லாடமேடு என்கிற செங்குத்துக் குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுரங்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தான். ஒரு நாளைக்கு மூன்று நடை. என் வீட்டைத் தாண்டித்தான் போவான். பிரேக் கருகும் நாற்றம் வாசல் வரை வரும். பிரேக்கைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் லாரியை நிறுத்திவிடுவான், மாடுகள் தாகத்தில் சாகும். வாயில்லா ஜீவன்களின் பாவம் எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஜூலை பதினொன்று, நடுப்பகல். வேலி பார்க்கப் போனவன் மேட்டின் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து கிடப்பதைக் கண்டேன். தொட்டி உடைந்து தண்ணீர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. மணல் அதைக் குடித்துக்கொண்டிருந்தது. அவன் இடுப்புக்குக் கீழே வண்டிக்கு அடியில். நினைவு தெளிவாக இருந்தது.

"மேல ஏறிப் போன் பண்ணுப்பா" என்றான். மேட்டின் உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும்.

"வர்ற வழியிலயே பண்ணிட்டேன். வந்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பேப்பர் என்னாச்சு?" என்று கேட்டான்.

"கிடைச்சிருச்சு. இன்னிக்குக் காலையிலதான் சொன்னாங்க."

அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "மைத்தேகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா நம்ப மாட்டா" என்றான். அதற்குப் பிறகும் ஐம்பது நிமிஷம் உயிரோடு இருந்தான்.

பிழைத்தால் முதல் வேலையாக அந்த அலுவலகத்துக்குத்தான் போவான். அது எனக்குத் தெரிந்திருந்தது. அதை மறைக்க நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவில்லை.

விண்ணப்பம் என்னாச்சு என்று கேட்க மைத்தே அந்த அலுவலகத்துக்குப் போனாள். அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை என்றார்கள். கோரா தொலைத்துவிட்டாள் என்று ஊரே பேசுகிறது. அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நேற்று மைத்தே என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீங்களாவது கூட இருந்தீங்களே" என்று அழுதாள். அதன் பிறகு எனக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. கோரா மேல் தப்பில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

உச்சிக்குக் கால் மைல்தான், வண்டியில் போனால் இரண்டு நிமிஷம் என்கிறீர்கள். சரிதான். ஆனால் அன்றைக்கு வெயில் அப்படி. என் தொப்பியை அவன் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாகக் கிடக்கிறவனைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.