முந்திக்கொண்ட கைதட்டல்

இரவு பன்னிரண்டு ஆகப்போகிறது. ஏரிக்கரை ஓரமாகப் போகிற சாலை. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள், மறு பக்கம் தண்ணீர். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. என் நண்பனுடைய சின்ன மாமா கச்சேரி கேட்டுவிட்டுத் தனியாகக் காரில் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மெஷினுக்கு பெல்ட் வந்து சேர விடிந்துவிடும் என்று ஃபோர்மேன் கைவிரித்துவிட்டார். அதுவரை இந்த அச்சாபீசில் நமக்கு என்ன வேலை? அந்தக் கதவை மட்டும் யாராவது சாத்துங்கள். பேப்பர் ரீலின் உறை காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. இந்தக் கதை சொல்லும்போது எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது.

மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ரெக்கார்டர் இருக்கும். அன்றைய கச்சேரியையும் யாருக்கும் தெரியாமல் பிடித்து வைத்திருந்தார். அதைக் காரில் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே போகிறார். சாக்ஸபோன் தனியாக வாசிக்கிற இடம். மேலே ஏறுகிறது... இன்னும் ஏறுகிறது... அப்போது,

தப். தப்.

இரண்டே தட்டு. காய்ந்த உள்ளங்கை தட்டினால் வருகிற சத்தம். அதற்குப் பிறகுதான் சாக்ஸபோன் நிற்கிறது. அதற்கும் பிறகுதான் அரங்கமே கைதட்டுகிறது. மாமா காரை ஓரங்கட்டிவிட்டு மறுபடி போட்டுக் கேட்டார். தப், தப். அப்புறம்தான் வாசிப்பு நின்றது.

"அட, இதுக்குப் போய் பயமா? எவனோ அவசரக்குடுக்கை தட்டியிருப்பான்," என்கிறார் நம் புரூஃப் பார்ப்பவர். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன் சார். பொறுங்கள்.

அது ஜாஸ் கச்சேரி. அதில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தனியே வாசிப்பார்கள். எழுதி வைத்துக்கொண்டு அல்ல, அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை. ஒருவர் முடித்ததும் கூட்டம் கைதட்டும், பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அவர் எந்த இடத்தில் முடிப்பார் என்று கூட்டத்துக்குத் தெரியாது. கூட வாசிப்பவர்களுக்கும் சரியாகத் தெரியாது. ஊதுகிறவருக்கே அந்தக் கணம் வரும்போதுதான் தெரியும். அப்படியிருக்க, முன்கூட்டியே தட்டியது யார்?

சின்ன மாமா பல் டாக்டர். சந்தேகப் பேர்வழி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருபவரிடமே எந்தப் பல் என்று மாற்றி மாற்றிக் கேட்பார். வாங்கி வந்த காய்கறியை வீட்டில் மறுபடி எடை போடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், பெண்ணைப் பற்றி விசாரித்து முடிவதற்குள் வயசாகிவிட்டது என்று என் நண்பனின் அம்மா சிரிப்பார்.

மேடையில் சாக்ஸபோன் ஊதியவர் அவருடைய சொந்த அண்ணன். அதாவது என் நண்பனின் பெரிய மாமா. அப்பா சீக்கிரமே போய்விட்டதால், ஹோட்டல் ஹோட்டலாகப் போய் ஊதித்தான் தம்பியைப் படிக்க வைத்தார். அண்ணன் ஊதிய காற்றில் டாக்டரானவர் சின்ன மாமா. அண்ணன் என்றால் உயிர். ஆனால் அந்த அண்ணனிடமும் சந்தேகம் போகவில்லை.

"அப்பப்போ தோணுறதை வாசிக்கிறேன்னு சொல்றதெல்லாம் சும்மா. வீட்டுலயே பண்ணி எடுத்துக்கிட்டு வர்றே. உன் ரெக்கார்டுல இருக்கிறதையேதான் மேடையிலயும் ஊதுறே," என்பார் தம்பி.

"ஸ்டூடியோவுல பண்ணின ரெக்கார்டு போட்டோ மாதிரிடா. மேடையில இருக்கிறதுதான் ஆளு. போட்டோவை வச்சுக்கிட்டு ஆளை சந்தேகப்படுறியே," என்பார் அண்ணன்.

அதற்காகத்தான் அந்த ரெக்கார்டர். அண்ணன் வாசிக்கும் ஒவ்வொரு கச்சேரிக்கும் தம்பி தனியாகப் போய் உட்காருவார். பதிவு செய்வார். மறுநாள் கிளினிக்கைப் பூட்டியதும் அதையும் ஸ்டூடியோ ரெக்கார்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, எங்கேயாவது ஒரே மாதிரி வருகிறதா என்று பார்ப்பார். ஒரு தடவைகூட வந்ததில்லை. தோற்றுப்போவதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை என்று நினைக்கிறேன்.

சரி, கைதட்டலுக்கு வருவோம். வீட்டுக்குப் போன மாமா தூங்கவில்லை. பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துக் கேட்டார். இத்தனை நாள் அவர் சாக்ஸபோனை மட்டும் கேட்டிருக்கிறார், பின்னால் இருப்பதைக் கேட்கவில்லை. இப்போது கேட்டால்... ஒவ்வொன்றிலும் இருக்கிறது. தப், தப். அதன் பின் முடிவு. அதன் பின் கூட்டம். ஸ்டூடியோ ரெக்கார்டுகளில் மட்டும் இல்லை.

மறுநாளே போய் அண்ணனைப் பிடித்தார். "கூட்டத்துல ஆள் வச்சிருக்கியா? எங்க முடிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கிறீங்களா?"

அண்ணன் கோபப்படவில்லை. "எங்க முடிப்பேன்னு எனக்கே தெரியாதுடா. நீ முதல்ல ஒரு நாள் வாயைப் பிளந்து ரசிச்சுக் கேளு," என்றார்.

மாமா விடுவாரா? அரங்கத்தின் சவுண்ட்காரரிடம் போய், மேடை மைக்குகளில் அவர்கள் எடுத்த பதிவை வாங்கிக் கேட்டார். அதே கச்சேரி, அதே நாள். அதில் அந்த 'தப், தப்' இல்லை. கூட்டத்தின் கைதட்டல் மட்டும் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும், மேடையில் கேட்காத சத்தம் நம் பையில் இருக்கும் ரெக்கார்டரில் மட்டும் எப்படி விழுந்தது என்று யோசித்திருப்பார்கள். சின்ன மாமா யோசிக்கவில்லை. 'வேண்டுமென்றே அழித்துவிட்டார்கள்' என்று முடிவுகட்டினார். சந்தேகப்படுகிறவர்களிடம் இதுதான் தொல்லை. எல்லோரையும் சந்தேகப்படுவார்கள், தங்கள் முடிவை மட்டும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அடுத்த கச்சேரிக்கு வேவு பார்க்கத்தான் போனார். அந்த அரங்கம் ஒரு பழைய கட்டடத்தில் தரைக்குக் கீழே இருந்தது. தாழ்ந்த கூரை, மேடையில் மட்டும் வெளிச்சம். இடது பக்க நாற்காலியில் குடையை வைத்தார், வலது பக்கத்தில் பையை வைத்தார். மேடையைப் பார்க்கவே இல்லை. சுற்றி இருக்கிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று டிரம்பெட் வாசித்தவர் பெரிய மாமாவின் பழைய கூட்டாளி. ஒரு காலத்தில் கப்பலில் வேலை பார்த்ததால் அவரைக் கப்பல்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவருடைய முறை வந்தது. அப்படியொரு வாசிப்பை அதுவரை கேட்டதில்லை என்று மாமா பின்னால் சொன்னார். மூச்சே விடாமல் மேலே போகிறார், போகிறார்... முடிகிற இடமே இல்லை, நட்டநடுவில் இருக்கிறார். அப்போது ஒரு வாடை வந்தது. ஈரம் காயாத துணியை மடித்து அலமாரியில் வைத்தால் வருமே, அந்த மக்கல் வாடை.

தப். தப்.

மிகப் பக்கத்தில். மாமா சட்டென்று திரும்பினார். பின்வரிசையில் ஒரு கணவன் மனைவி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் டிரம்பெட் பாதி ஸ்வரத்தில் நின்றது. பித்தளை தரையில் விழுந்து உருளும் சத்தம். பிறகு ஆள் விழுகிற சத்தம்.

மாரடைப்பு என்றார்கள். வாசித்துக்கொண்டே போனார், கலைஞனுக்கு இதைவிட நல்ல சாவு ஏது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சின்ன மாமாவுக்கு மட்டும் தெரியும்... அவர் நின்றதால் கைதட்டல் வரவில்லை. கைதட்டல் வந்ததால் நின்றார்.

இப்போது அவருக்கு இருந்தது ஒரே கவலை. அண்ணன். கப்பல்காரர் நினைவாக அதே அரங்கில் ஒரு கச்சேரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய மாமாவுக்கு ஏற்கெனவே நெஞ்சுக்கு மாத்திரை. தம்பி போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, அந்த ஹால்ல என்னமோ இருக்கு. நீ அங்க வாசிக்காதே. நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

"டேய், நீ கேட்காததா? பொறந்ததுலேர்ந்து கேள்விதானே கேட்டுக்கிட்டிருக்கே," என்று அண்ணன் சிரித்தார். தம்பி அழுதார். பல் டாக்டர் அழுது அன்றுவரை யாரும் பார்த்ததில்லை. அண்ணனின் சிரிப்பு நின்றுபோயிற்று.

கடைசியில் இருவருமாக ஒரு வழிக்கு வந்தார்கள். கச்சேரி வேண்டாம், கப்பல்காரர் நினைவாக ஸ்டூடியோவில் ஒரு ரெக்கார்டு. பெரிய மாமாவுக்கு ஸ்டூடியோ என்றாலே எட்டிக்காய். ஆனாலும் தம்பிக்காக ஒத்துக்கொண்டார். என் நண்பனின் அத்தை, அதுதான் பெரிய மாமாவின் மனைவி, வாசல்வரை வந்து, "தம்பி, நீங்களும் கூடவே இருங்க. உங்களை நம்பித்தான் அனுப்புறேன்," என்றார்.

சின்ன மாமாவின் கணக்கு எளிமையானது. தட்டு விழுந்த கச்சேரி எல்லாம் நடந்தது அந்த அரங்கத்தில், அதனால் அந்தச் சனியன் அந்த அரங்கத்தைச் சேர்ந்தது. ஸ்டூடியோவில் கூட்டமே கிடையாது, பிறகு யார் தட்டப்போகிறார்கள்? ஆனாலும் முன்னாலேயே போய் எல்லா இடத்தையும் பார்த்தார். அண்ணன் வாசிக்கும் அறை ஒரு நாற்காலியும் மைக்கும் மட்டும் கொள்ளும் அளவு. சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. தடித்த கதவு. நாற்காலிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் பதிவு செய்கிற இன்ஜினியர் உட்காரும் அறை. நடுவில் இரட்டைக் கண்ணாடி. உள்ளே இருப்பவர் கத்தினாலும் மைக் வழியாக வந்தால்தான் வெளியே கேட்கும்.

இன்ஜினியர் அண்ணனிடம் சொன்னார்: "சார், எங்க முடிக்கிறதுன்னு யோசிக்கவே வேணாம். நீங்க பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருங்க. நான் இங்கேர்ந்து சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுடுறேன்."

நீங்களும் கேட்டிருப்பீர்கள். சில பாட்டு முடியாது, தேய்ந்து தேய்ந்து மறைந்துவிடும். மாமாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முடிவே இல்லாத வாசிப்பு! அப்புறம் எவன் எதற்கு முந்திக்கொண்டு தட்டுவான்?

சிவப்பு விளக்கு எரிந்தது. பெரிய மாமா நின்றபடி கண்ணை மூடிக்கொண்டு ஊத ஆரம்பித்தார். முதல் முறையாகச் சின்ன மாமா எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் கேட்டார். சட்டைப் பையில் ரெக்கார்டர்கூட இல்லை. போன நண்பனை நினைத்து ஊதுகிற ஊத்து. இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு விரலை வைத்துச் சத்தத்தை மெல்ல இறக்கினார்... சாக்ஸபோன் தூரப் போனது. இன்னும் தூரப் போனது... நிசப்தம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். விரல்கள் ஓடுகின்றன, தோள் ஏறி இறங்குகிறது, சத்தம் மட்டும் இல்லை. சின்ன மாமா வாய்விட்டுச் சிரித்தார். அப்பாடா, காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தாராம்.

அப்போது அண்ணன் நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். கதவோரத்து மூலையைப் பார்த்துச் சிரித்தார். மேடையில் குனிவது போல லேசாகத் தலை குனிந்தார். உதடு அசைந்தது, ஏதோ சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். சாக்ஸபோனைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார். தாடை நெஞ்சில் இறங்கியது.

கதவைத் திறந்துகொண்டு ஓடியபோது உள்ளே அந்த மக்கல் வாடை அடித்தது.

அந்த ரெக்கார்டு கடைக்கு வந்தது. முடிகிற இடத்தை ஜனங்கள் மறுபடி மறுபடி போட்டுக் கேட்கிறார்களாம். நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. ஆனால் இன்ஜினியர் குறைத்தது ஸ்பீக்கரில் வந்த சத்தத்தைத்தான். உள்ளே மெஷின் கடைசிவரை பதிவு செய்துகொண்டிருந்தது. அவர் கடைசியாக வாசித்ததை ஒரு தடவை கேட்கணும் என்று அத்தை அழுதார். அழிந்துபோய்விட்டது அண்ணி என்று சின்ன மாமா பொய் சொன்னார். என் நண்பனிடம் மட்டும் ஒரு நாள், கிளினிக்கில் விளக்கைக்கூட அணைக்க விடாமல் உட்காரவைத்து, உண்மையைச் சொன்னார்.

சாக்ஸபோன் போய்க்கொண்டே இருக்கிறதாம். பிறகு மைக்குக்குப் பக்கத்தில்... தப், தப். அதன் பிறகு வாசிப்பு நிற்கிறது. கடைசியாக அண்ணனின் குரல், வீட்டுக்கு வந்தவரை வரவேற்கிற மாதிரி, நல்ல தெளிவாக:

"அடடே, வாங்க. தம்பிகூட வந்தீங்களா? எல்லாக் கச்சேரியிலயும் அவன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பீங்களே... மேடையிலேர்ந்து பார்ப்பேன்."