ஆயிரம் மைலுக்கு ஒருக்கா

— ...அதெல்லாம் முடியாது மதினி. ஆயில மாத்தாம என் மக அந்தப் பிளசர் கார்ல ஏற மாட்டா.

— ராசாத்தி சொன்னாளா?

— அவ என்னத்தச் சொல்றது... அப்பன் நான் சொல்றேன். அவ விடியலிலேயே கோயிலுக்குப் போயிட்டா. நாளைக்குக் கல்யாணம், பொண்ணு ஏறுற வண்டி சுத்தமா இருக்க வேணாமா?

— போன வாரந்தான் ஆயில் மாத்துனது. ஆயிரம் மைலுக்கு ஒருக்கா. செம்மண் ரோட்டுல ரொம்ப ஓடுனா கொஞ்சம் முன்னாடி. ஒங்க அண்ணன் சாகுற வரைக்கும் அப்படித்தான் பார்த்தாக. நானும் அப்படித்தான் பார்க்குறேன்.

— அண்ணன் இருந்தா தெக்குத் தெரு ஆள வண்டியில ஏத்தியிருப்பாரா?

— இருளாயி வலி எடுத்துத் துடிச்சா, தம்பி. மாட்டுவண்டியில போட்டுப் புதுக்கோட்டை போறதுக்குள்ள தாயும் போயிருக்கும், பிள்ளையும் போயிருக்கும்.

— பாவந்தான்... நான் இல்லைங்கல. நாம தலை முழுகுற மாதிரி வண்டிக்கும் ஒரு முழுக்கு. பழச வடிச்சுட்டுப் புதுசு ஊத்துனா தீட்டுப் போச்சு.

— அவ உக்காந்தது பின் சீட்டுல. ஆயில் கெடக்குறது முன்னாடி எஞ்சினுக்குள்ள. தீட்டு எந்த வழியா நடந்து போச்சு?

— கேலி பண்ணாதீங்க. எண்ணெய் எல்லாத்தையும் இழுக்கும்.

— தூசிய இழுக்கும், கரிய இழுக்கும். சாதிய இழுத்து நான் பார்த்ததில்ல.

— மதினி, ஊரு பேசுது...

— பேசட்டும். ராசாத்தியும் இருளாயியும் அஞ்சாவது வரைக்கும் ஒரே பெஞ்சுல படிச்சவுக. அப்ப எந்த எண்ணெய மாத்துனீக?

— அது பள்ளிக்கூடம்...

— அது கெடக்கட்டும். கல்யாண வீட்டு வேலைய விட்டுட்டுக் காலையிலேருந்து ஏன் என் கார் கொட்டகை வாசல்லயே நிக்கிறீக?

— இன்னைக்கு இருளாயிய ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்புறாகளாம். கூட்டியார நீங்க வண்டி விடுவீகன்னு சொன்னாக.

— விடத்தான் வேணும். பச்சப் பிள்ளையோட வெயில்லயா நடந்து வருவா?

— விட முடியாது.

— ஏன்?

— ...முடியாதுன்னா முடியாது.

— கொட்டகை மண்ணுல எண்ணெய் சிந்திக் கெடந்துச்சு, தம்பி. எஞ்சினோட அளவுக்கம்பிய உருவிப் பார்த்தேன். ஈரமே இல்ல. அப்படியே கிளப்பியிருந்தா எஞ்சினு செத்திருக்கும்.

— சரி, நாந்தான். விடியுமுன்ன வந்து வடிச்சேன். தீட்டும் போச்சு, இன்னைக்கு வண்டியும் நகராது. புது ஆயில் நாளைக்கு நானே ஊத்துறேன்.

— வடிச்ச எண்ணெய என்ன செஞ்சீக?

— ...வீணாப் போகுதேன்னு நம்ம மாட்டுவண்டி அச்சுக்குப் போட்டேன்.

— சீர் ஏத்துற வண்டிக்கா?

— ஆமா... அதுக்கென்ன?

— ஒங்க கணக்குப்படி தீட்டு இப்ப சீரோட சேந்து சம்பந்தி வீட்டுக்குப் போகுது.

— ...மதினி, இத வெளிய சொல்லிராதீங்க.

— சொல்ல மாட்டேன். எனக்குத்தான் அதுல நம்பிக்கை இல்லையே.

— இருங்க... என்ன சத்தம்? ஹாரன் மாதிரி...

— நம்ம பிளசர்தான்.

— இங்க கொட்டகை பூட்டிக் கெடக்கு...

— காலிக் கொட்டகை. நம்ம வீட்டுல ஒரு டின் ஆயில் எப்பவும் இருக்கும். நீங்க அச்சுக்கு எண்ணெய் போட்ட நேரத்துல அத ஊத்திக் கிளப்பியாச்சு. டிரைவர் பிச்சைமுத்து போயி இருளாயியக் கூட்டியாரான்.

— இம்புட்டு நேரம் என்னையப் பேச வச்சு... சரி மதினி. சொல்லிட்டேன், செத்தாலும் என் மக அந்த வண்டியில ஏற மாட்டா.

— ஏறியாச்சு, தம்பி. பின் சீட்டப் பாருங்க, இருளாயி பிள்ளைய மடியில வச்சிருக்கிறது ராசாத்திதான். நானே போயிக் கூட்டியாரேன்னு விடியலிலேயே வந்து நின்னா. மாத்தணும்னா, இனி ஒங்க மகளுக்குத்தான் ஆயில் மாத்தணும்.